தூக்கிய கல்லும் நிறுத்த உடலும்

விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கத்தைக் கடப்பவர்கள் இரண்டு காட்சிகளைத் தவறவிட இயலாது. ஒன்று, அரைவைப் பருவத்தில் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு சுமந்து நகரும் டிராக்டர்கள். மற்றொன்று, 2010இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும். இரண்டு இடங்களிலும் தொடக்கத்திலேயே நடப்பது எடை போடுதல். ஆலையில் வண்டியைச் சுமையோடு ஒருமுறையும் வெறுமையாக ஒருமுறையும் எடைமேடையில் நிறுத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பின் எடையாகக் கொள்கிறார்கள். மருத்துவமனையில் நம்மையே ஏற்றி நிறுத்தி, காட்டிய எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஆயினும் கரும்புக்காரர்களின் பேச்சு எடையோடு நின்றுவிடுவதில்லை. எத்தனை டன் என்ற கேள்விக்கு அடுத்ததாக, பிழிதிறன் எவ்வளவு என்ற கேள்வி வந்துவிடும். நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதே பிழிதிறன். மைய அரசு அறிவிக்கும் கரும்பு விலை, 2022-23 பருவத்திலிருந்து 10.25 விழுக்காடு பிழிதிறனை அடிப்படையாகக் கொண்டது. தண்ணீர் குடித்துப் பருத்த கரும்பு எடைமேடையில் வென்றுவிட்டு ஆலைக்குள் தோற்றுப்போகும். இது இப்பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கரும்புக்கு வழங்கும் இந்த நியாயத்தை நம் பிள்ளைகள் தங்கள் உடலுக்கு வழங்குவதில்லை என்பது சென்ற ஆண்டுதான் நமக்குப் புலப்பட்டது.

நம் மாணவர் ஒருவர் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக நான்கு மாதங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்றுவந்தார். மெலிந்த உடல்வாகு. நாள்தோறும் எடை பார்ப்பார், நாள்தோறும் ஐம்பத்தாறு. கடன் வாங்கி எடை கூட்டும் மாவு டப்பா ஒன்றை வாங்கியிருந்தார். அப்படியும் முள் அசையவில்லை. பயிற்சியையே விட்டுவிடப் போவதாக வந்து நின்றார். கயிறு ஏறுவது எப்படி இருக்கிறது என்று கேட்டோம். "அதெல்லாம் உச்சி வரைக்கும் ஏறிடுறேன் சார். மொதல்ல பாதிகூட முடியாது. எடைதான் ஏற மாட்டேங்குது" என்றார். பாதிக் கயிற்றிலிருந்து முழுக் கயிற்றுக்கு வந்தது அவர் கணக்கில் வரவே இல்லை. இத்தனைக்கும் அந்தத் தேர்வில் உயரத்தை அளக்கிறார்கள். மார்பளவை அளந்து, மூச்சை இழுத்தால் ஐந்து சென்டிமீட்டர் விரிகிறதா என்று பார்க்கிறார்கள். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடச் சொல்கிறார்கள். கயிறு ஏறச் சொல்கிறார்கள். எத்தனை கிலோ இருக்கிறாய் என்பது அங்கே கேள்வியே அன்று.

வலிமையை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு நம் மரபு என்ன விடை வைத்திருந்தது என்று அன்றைக்கு எண்ணத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

நமக்குக் கிடைக்கும் பழைய சான்று புறநானூற்றில் உள்ளது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி, உறையூர்த் தித்தனின் மகன். தந்தையோடு பகைத்துப் பிரிந்து வாழ்ந்தவன். ஆமூர் மல்லனோடு அவன் பொருது வென்றதைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களில் (80, 81, 82) பாடியிருக்கிறார். அவற்றில் 82ஆம் பாடல் நம்மை எப்போதும் வியக்க வைப்பது. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் ஒரு கட்டிலை வார் கொண்டு பின்னி முடித்துவிட்டுப் போகவேண்டிய தொழிலாளியின் கையில் ஊசி எவ்வளவு விரைவாக ஓடும்? அதனினும் விரைந்தது கிள்ளியின் மற்போர் என்கிறார் புலவர். மல்லனின் பருமனைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. ஓர் அரசனின் ஆற்றலுக்கு அளவுகோலாக ஓர் ஏழைத் தொழிலாளியின் கைவேகத்தை நிறுத்தியிருக்கிறார்.

அதே கிள்ளியைக் காதலித்துப் பாடிய நக்கண்ணையார், 84ஆம் பாடலில் இன்னொரு செய்தியைத் தருகிறார். அவன் உண்பது வெறும் கூழ். ஆனாலும் அவன் தோள் பெருந்தோள். நாடிழந்து வந்தவனின் உணவு வறுமையையும் உடல் வலிமையையும் அருகருகே வைத்துப் பார்த்த கண் அது. மாவு டப்பா வாங்கிய நம் மாணவரிடம் இப்பாடலைச் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாம் என விட்டோம். வயிற்றுக்குப் போதாத உணவைப் புகழ்வது புலவர்க்கு அழகாக இருக்கலாம், ஆசிரியருக்கு அழகன்று.

சங்க காலத்திலிருந்து நேரே இளவட்டக்கல்லுக்கு வருவது பெருந்தாவல்தான். இடையில் நேர்த்தொடர்ச்சி உண்டென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் அளக்கும் முறை ஒன்றாகவே இருக்கிறது. தென் மாவட்டச் சிற்றூர்களில் கோயில் முன்போ மந்தையிலோ கிடக்கும் உருண்டைக் கல் இளவட்டக்கல். கல்யாணக்கல் என்றும் சொல்வதுண்டு. வழுவழுப்பாக, பிடிமானம் ஏதுமின்றிச் செதுக்கப்பட்டிருப்பதால் அதன் எடையைக் காட்டிலும் அதன் வடிவமே கடினம். குந்தி அமர்ந்து கல்லைக் கட்டி அணைக்க வேண்டும். பிறகு முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்குக் கொண்டுவந்து, தோளில் வைத்து, முதுகுக்குப் பின்னால் தள்ள வேண்டும். வல்லவர்கள் தோளில் கல்லோடு கோயிலைச் சுற்றிவருவதும் உண்டு.

இந்தக் கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்ற கதையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. நிலம், சாதி, முறைமாமன் உரிமை அத்தனையையும் ஒதுக்கிவிட்டு ஒரு கல்லை மட்டும் நம்பிப் பெண் கொடுத்த ஊர் எங்கே இருந்திருக்கும்? முல்லைக்கலியின் ஏறுதழுவலையும் சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையின் காளைகளையும் படித்த நினைவு நம் காலத்துப் பேச்சில் சேர்ந்துகொண்டதோ என்ற ஐயம் நமக்கு உண்டு. நம் பார்வைக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கல் மாறுவதில்லை. சென்ற பொங்கலில் முழங்காலோடு நின்ற கல், இந்தப் பொங்கலில் மார்பு வரை வந்தது என்றால் வளர்ச்சியை ஊரே பார்க்கிறது. எண் எழுதத் தெரியாதவரும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கல் ஏறிய உயரமே அளவு. தூக்கியவனின் எடையை யாரும் கேட்டதில்லை. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலையொட்டி இப்போட்டி நடக்கிறது. பெண்களும் தூக்குகிறார்கள். மாப்பிள்ளைத் தேர்வு என்ற கதையிலிருந்து கல்லை அவர்கள் மீட்டுவிட்டார்கள் என்றே கொள்ளலாம்.

கல்லைக் கொண்டு ஆளை அளந்தவர்கள் நாம் மட்டுமல்லர். கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் கிடைத்த ஒரு கல், கி.மு. ஆறாம் நூற்றாண்டினது, சுமார் 143 கிலோ எடையுள்ளது. பைபோன் என்பவன் அதை ஒரே கையால் தலைக்கு மேல் தூக்கியதாக அதிலேயே பொறித்திருக்கிறார்கள். நம்புவது கடினம். மிகைப்படுத்தலும் கல்வெட்டின் வயதுடையதே போலும். ஐஸ்லாந்தின் மேற்குக் கடற்கரையில் 23, 54, 100, 154 கிலோவில் நான்கு கற்கள் கிடக்கின்றன. மீன்பிடி படகுக்கு ஆளெடுக்கையில் அவற்றைத் தூக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். மிகப் பெரியதன் பெயர் முழுவலியன், அடுத்தது அரைவலியன், மூன்றாவது அரைப்பங்கு ஆள், மிகச் சிறியது ஏலாதவன் எனப் பொருள்படும். இங்கே திருமணம், அங்கே வேலை. இரண்டிலும் ஆள் எடைபோடப்படவில்லை.

கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி ஆகியவற்றிலும் கணக்கு இதுவே. எத்தனை சுற்று, எத்தனை முறை, எவ்வளவு கனத்த கட்டை. ஆங்கிலேயர் இக்கட்டையைத் தம் படைப் பயிற்சிக்கு எடுத்துச் சென்றனர். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றல் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

அப்படியானால் எடை எப்போது நம் தலைமேல் ஏறியது?

1832இல் பெல்ஜிய அறிஞர் குவெட்லே, வளர்ந்த மனிதரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்று கண்டார். அவர் தேடியது ‘சராசரி மனிதன்’ என்ற ஒரு புள்ளியியல் உருவத்தை. ஒருவர் கொழுத்தவரா வலியவரா என்பது அவர் கவலையே அன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் உயரத்துக்கேற்ற எடைப் பட்டியல்களைப் பரப்பின. 1972இல் ஆன்செல் கீஸும் அவர் குழுவினரும் குவெட்லேயின் வாய்பாட்டுக்கு உடல் நிறை குறியீட்டெண் என்று பெயர் சூட்டினர். நம் ஊர்களுக்கு எடை வந்த வழி இன்னும் எளியது. பெரிய ரயில் நிலையங்களின் நடைமேடையில் வண்ண விளக்குகள் மின்ன நின்ற இயந்திரத்தில் காசு போட்டால் ஒரு சிறு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் எதிர்காலப் பலன். நம் இளமையில் பலனைப் படித்துச் சிரித்தோம், எடையை நம்பினோம். இரண்டும் ஒரே அட்டையில்தான் அச்சாகியிருந்தன.

எடையை நம்பியதன் பிழையைப் பளிச்செனக் காட்டியது 2004இல் லான்செட் இதழில் வெளியான ஒரு பக்கக் குறிப்பு. புனேயின் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் இருவரும் தம் படத்தையே அதில் வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. உடலில் கொழுப்பின் பங்கோ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்திய உடலுக்குள் கொழுப்பு மறைந்திருக்கக்கூடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கரும்புக்காரர் மொழியில் சொன்னால், எடை ஒன்று, பிழிதிறன் வேறு. இந்தியருக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டர் என இடுப்பளவுக்கு வரம்பு வகுத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. தையற்காரரின் நாடா, தராசு சொல்லாததைச் சொல்கிறது.

வலிமைப் பயிற்சியை முறையாக அளக்கத் தொடங்கிய வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத பெயர் தாமஸ் டிலார்ம். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சையளித்த படை மருத்துவர். தொடர்ந்து பத்து முறை தூக்கக்கூடிய உச்ச எடை எவ்வளவு என்று கண்டு, அதை வாரந்தோறும் குறித்து, சிறிது சிறிதாக உயர்த்தினார். தம் முறையை 1945இல் வெளியிட்டார். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் புழங்கும் பத்து என்ற எண்ணிக்கை பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே. இளவட்டக்கல்லில் எடை நிலையானது, உயரம் ஏறும். டிலார்மிடம் அசைவு நிலையானது, எடை ஏறும். இரண்டிலும் பாரம் வெளியே இருக்கிறது. தராசின் மேல் ஏறும்போதுதான் மனிதன் தானே பாரமாகிவிடுகிறான்.

1979இல் மோரிட்டானி, டிவ்ரீஸ் இருவரும் செய்த ஆய்வு நம் மாணவரின் புதிருக்கு நேர்விடை. பயிற்சியின் முதல் வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பகுதி தசை பெருப்பதால் வருவதன்று; இருக்கும் தசையை நரம்புகள் இன்னும் திறமையாக ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தசைப் பெருக்கம் அதன் பின்னரே முன்னிலைக்கு வருகிறது. நரம்பு கற்றதற்குத் தராசில் எடையில்லை. கயிற்றின் உச்சியில் அது தெரியும்.

பளுதூக்கும் போட்டியாளரைப் பாருங்கள். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் 317 கிலோவுக்கு மீண்டும் தங்கம். அப்பிரிவில் உடல் எடை 77ஐத் தாண்டலாகாது. அவர் வளர்ச்சிக்கு உடல் எடை ஒரு வேலி. வளர்ந்ததெல்லாம் வேலிக்கு வெளியே இருந்த இரும்பில்தான் தெரிந்தது.

2015இல் வெளியான ஒரு பேராய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்தது. பிடி ஐந்து கிலோ குறையுந்தோறும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. இரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடி கூடுதலாக முன்னறிவிக்கிறதாம். இதைப் படிக்கையில் நமக்கு நினைவுக்கு வந்தவர்கள் நூறு கிலோ மூட்டைகளை முதுகில் ஏற்றி வாழ்ந்த சுமைதூக்கும் தொழிலாளர்கள். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஆண் தொழிலாளி சுமக்க 55 கிலோவை மேல்வரம்பாகப் பரிந்துரைத்தது 1967இல். நம் கிடங்குகளில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் நூறு கிலோ மூட்டைதான். மூட்டைகளின் எடை பதிவேட்டில் இருக்கும். தூக்கியவர்களின் வலிமைக்குப் பதிவேடு இல்லை. தேய்ந்த முதுகெலும்பு மட்டுமே சான்று. ஓய்வும் சோறும் அளந்து கொடுக்கப்படாத இடத்தில் பாரம் ஏறுவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

நம் மாணவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தோம். எடைக்கு மாதம் ஒரு வரி போதும், மற்றவற்றுக்கு வாரந்தோறும் எழுது என்றோம். சென்ற வாரம் காட்டினார். 1500 மீட்டர் ஓட்டம் ஏழு நிமிடம் இருபது நொடியிலிருந்து ஆறு நிமிடம் ஐம்பதுக்கு வந்திருக்கிறது. தண்டால் பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்று. காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பையும் குறித்திருந்தார். அது நாம் சொல்லாதது, மருத்துவமனையில் பணிபுரியும் அவர் அக்கா சொல்லிக் கொடுத்ததாம். எடைக்கான வரியில் ஐம்பத்தேழு. அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார். மாவு டப்பாவில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. பிரித்துவிட்டதால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டாராம்.