பாய்வள்ளமும் இயந்திரப் படகும்: புத்தளக் கரையோர வரலாற்றில் ஓர் ஒப்புநோக்கு

பழைய ஊர்தியையும் புதிய ஊர்தியையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் வேகத்தையே அளவுகோலாகக் கொள்வர். புத்தளக் கரையோரத்தின் கடற்கலங்களைப் பொறுத்தவரை அவ்வளவுகோல் மட்டும் போதுமானதன்று.

இக்கரையின் கடல்சார் வாழ்வு தொன்மையானது. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா வந்திறங்கிய பத்தாலா என்னும் துறை புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். அங்கு ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த அவர், கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தமையையும் குறித்துள்ளார். வாணிபமாயினும் மீன்பிடியாயினும் காற்றையும் மனித வலுவையுமே நம்பி நடைபெற்ற காலம் அது.

சிலாபம் முதல் கற்பிட்டி வரையான கரையில் வழங்கிய கலங்களுள் கட்டுமரமும் பக்கமிதவை பொருத்திய பாய்வள்ளமும் முதன்மையானவை. குடைந்த மரத்தின்மேல் பக்கப் பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்து வள்ளம் அமைக்கப்பட்டது. ஆணியின்றிக் கட்டப்பட்டமையால் அலையின் தாக்கத்துக்கு அது நெகிழ்ந்து கொடுத்தது. மிதவை காற்று வரும் பக்கமாகவே இருத்தல் வேண்டும். ஆதலின் திசை மாறும்போது வள்ளத்தைத் திருப்பாது, பாயை மாற்றிப் பின்முனையை முன்முனையாக்கிச் செலுத்தினர். கரைக்காற்றில் புறப்பட்டுக் கடற்காற்றில் திரும்புவது வழக்கம். சோழகம் கடுமையாகும் மாதங்களில் மேற்குக் கரையில் தொழில் குன்றும். அப்போது உடப்பு மீனவர் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்தனர்.

1958ஆம் ஆண்டளவில் அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைக் கடனுதவியுடன் வழங்கத் தொடங்கியது. 1960களிலிருந்து கண்ணாடி இழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் பரவின. காற்று ஓய்ந்த பொழுதிலும் தொழில் செய்யவும், தொலைவிலுள்ள மீன் திரளை நாடவும், மீன் கெடுமுன் சந்தை சேரவும் இவை வழிசெய்தன. வானிலை மாறும் அறிகுறி கண்டதும் விரைந்து கரை சேர முடிந்தமை உயிர்காப்பும் ஆயிற்று. இந்நன்மைகள் மறுக்கற்பாலன அல்ல.

எனினும், கலத்தை இயக்கும் ஆற்றல் எவர் கையில் உள்ளது என்ற வினா இங்கு எழுகின்றது. பாய் கிழிந்தால் கரையிலேயே தைக்கலாம்; கட்டுத் தளர்ந்தால் அவ்வூர்க் கயிற்றாலேயே இறுக்கலாம். இயந்திரமும் உதிரிப் பாகங்களும் எரிபொருளும் கடல் கடந்து வருவன. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடையாது படகுகள் கரையில் முடங்கின. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த அதன் விலை 340 ரூபாவாக உயர்ந்தது. காற்று ஓய்ந்தால் மறுநாள் வீசும். எண்ணெய் ஓய்ந்தபோது மீனவன் காத்திருந்தது கொழும்புத் துறைமுகத்தை நோக்கியாகும்.

இதனால் பாய்மரக் காலம் பொற்காலம் என்று முடிவுசெய்தல் பொருந்தாது. அக்காலத்திலும் வலையும் வள்ளமும் உடைய சம்மாட்டிக்கு உழைப்பாளி கட்டுப்பட்டே இருந்தான். புதிய படகு மீனவனுக்குத் தூரத்தை வென்று கொடுத்தது. ஆயின் அவன் சார்ந்து நிற்கும் இடத்தைச் சம்மாட்டியின் வாடியிலிருந்து உலகச் சந்தைவரை நீட்டியது. ஆகவே வேகத்தோடு இச்சார்பையும் சேர்த்து அளப்பதே வரலாற்று மாணவர் செய்யத்தக்க ஒப்பீடாகும்.