கழுத்துப்பட்டையைக் கழற்றிய விண்வெளி வீரன்

பழைய வீரனொருவனைப் புதிய தலைமுறைக்கு மீட்டுத் தர முற்படுவோர், அவனிடத்தில் எதைக் காப்பது, எதைக் களைவது என்று தீர்மானித்தேயாக வேண்டும். பிரிட்டனின் படக்கதை நாயகனான டான் டேரின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். அவன் ஒரு குருவானவரின் கவலையிலிருந்து பிறந்தவனாதலால் நமது கவனத்திற்கும் உரியவனாகிறான்.

இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரைச் சார்ந்த பர்க்டேலில் ஆங்கிலிக்கன் குருவாயிருந்த மார்க்கஸ் மாரிஸ், அமெரிக்காவிலிருந்து வந்த கொடூரப் படக்கதைகள் சிறுவரிடையே பரவுவதைக் கண்டித்து 1949இல் 'ஸண்டே டிஸ்பாட்ச்' பத்திரிகையில் எழுதினார். கண்டனத்தோடு நில்லாமல், ஓவியர் ஃபிராங்க் ஹாம்ப்ஸனுடன் சேர்ந்து மாற்று இதழொன்றையும் உருவாக்கினார். அதுவே 1950 ஏப்ரல் 14இல் வெளிவந்த 'ஈகிள்'. முதல் இதழ் ஏறத்தாழ 9 லட்சம் பிரதிகள் விற்றது. அதன் கடைசிப் பக்கத்தில் பவுல் அப்போஸ்தலரின் வாழ்க்கை சித்திரத் தொடராக இடம்பெற்றது.

டான் டேர் முதலில் விண்வெளிப் படையின் சமயகுருவாகவே திட்டமிடப்பட்டான். குருமாரின் கழுத்துப்பட்டையை அணிந்தவனாகவே வரையப்பட்டான். இதழ் வெளிவருமுன் அவன் விமானியாக மாற்றப்பட்டான். உடை மாறியது, பண்பு மாறவில்லை. முதற்கதையில் அவன் வெள்ளிக் கிரகத்திற்குச் செல்வது, உணவுப் பற்றாக்குறையால் வாடும் பூமிக்கு உணவு தேடியே. அங்கே மீக்கான் என்னும் கொடுங்கோலனை எதிர்க்கிறான். ஆயினும் மீக்கானின் இனத்தவனாகிய சோண்டாரைத் தன் நண்பனாக ஏற்றுக்கொள்கிறான்.

1969இல் 'ஈகிள்' நின்றுபோயிற்று. 1977இல் '2000 ஏ.டி.' இதழ் டான் டேரை எதிர்கால நூற்றாண்டொன்றில் புதிய முகத்துடன் கண்விழிக்கச் செய்தது. பெயர் எஞ்சியது, கதையிலோ வன்முறை மிகுந்தது. 1982இல் புதிய 'ஈகிள்' அவனது வழித்தோன்றலை நாயகனாக்கியது. 1990இல் கிராண்ட் மாரிஸனும் ரயன் ஹியூஸும் படைத்த 'டேர்' வேறு வழியை மேற்கொண்டது. அதில் முதுமையடைந்த வீரன், தன் புகழை அரசியல் கட்சியொன்று விளம்பரமாக்குவதையும், தான் பெற்ற வெற்றியின் பின் ட்ரீன் இனத்தார் ஒடுக்கப்பட்டதையும் காண்கிறான். 2007இல் கார்த் என்னிஸ், மனம் கசந்து ஒதுங்கியிருந்த வீரனை மீண்டும் கடமைக்கு அழைத்துவந்தார்.

இவற்றுள் எது உண்மையான புத்துயிர்ப்பு? பெயரையும் பகைவனையும் மட்டும் காத்த முயற்சியைவிட, கடுமையாக விமர்சித்த 1990ஆம் ஆண்டின் படைப்பே மூலத்திற்கு நெருங்கியது என நாம் கருதுகிறோம். ஏனெனில், தோற்றவரும் நண்பராகலாம் என்று போதித்த வீரனை, அப்போதனையைக் கொண்டே அது நியாயம் விசாரிக்கிறது. பேரரசின் தன்னம்பிக்கை பழைய பக்கங்களில் படிந்திருந்ததை மறைப்பது மூலத்தை மதிப்பதாகாது.

முன்னோர் ஒப்புவித்ததைப் புதிய தலைமுறைக்கு எடுத்துரைக்கும் நாமும் இதே தீர்மானத்தை எதிர்கொள்கிறோம். கழுத்துப்பட்டையைக் கழற்ற மாரிஸ் அஞ்சவில்லை. எதைக் கழற்றலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். நாம் அதை அறிந்திருக்கிறோமா?