சிவப்புப் பட்டை

"புரிந்ததா?" என்றதும் தலையாட்டும் பிள்ளையை நான் நம்பியதில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். விமான நிலையத் தரைப் பணியாளரும் அவ்வழக்கமே உடையர் என்று அறிந்தபோது மகிழ்ந்தேன்.

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் பயணிகளுடன் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. பின்னர், மூக்கு கட்டடத்தை நோக்கும்படி விமானத்தை நிறுத்தும் முறை பரவியது. இழுவை வண்டியால் பின்னுக்குத் தள்ளும் வேலையும் பெருகியது. விமானிக்குப் பின்புறம் தெரியாது. கீழே ஹெட்போன் அணிந்து, கம்பி வழியே பேசுபவரே அவருக்குக் கண். "பிரேக்கை விடுக" என்பார் இவர். "விட்டேன்" என்று மேலிருந்து விடை வந்த பின்னரே வண்டி நகரும். இச்சொற்களைப் பயிற்சியிலேயே மாறாமல் சொல்லப் பழக்குவர்.

தள்ளி முடிந்ததும் வண்டியை விடுவித்து, முன்சக்கரத்தை விமானி திருப்பாதவாறு தடுத்திருந்த ஊசியைப் பிடுங்குவார். கம்பியையும் கழற்றிக்கொண்டு, விமானி காணும் இடத்தில் நின்று, சிவப்புப் பட்டை தொங்கும் அவ்வூசியை உயர்த்திக் காட்டுவார். அங்கே பேச்சில்லை, கைச்சாடை மட்டுமே. திருப்பிச் சொல்லச் சொல்லி உறுதிசெய்ய வழியில்லாத இக்கணமே என்னை அஞ்சவைப்பது.

2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், ஐதராபாத்துக்குப் புறப்படவிருந்த விமானம் ஒன்று, தரைப் பணியாளர் விலகுமுன்னரே நகர்ந்தது. அருகில் நின்ற பொறியாளர் ஒருவரை அதன் எஞ்சின் உள்ளே இழுத்துக்கொண்டது.