கழுகுகள் மறந்துபோன காகிதங்கள்

1975 நவம்பர் இறுதியில் சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் ஒரு கூட்டம் நடந்தது. கூட்டியவர் சிலியின் ரகசியப் போலீஸ் தலைவர் மானுவேல் கொன்ட்ரேராஸ். அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா நாடுகளின் உளவு அதிகாரிகள் வந்திருந்தார்கள். மறு ஆண்டு பிரேசிலும் சேர்ந்துகொண்டது. சிலியின் தேசியப் பறவையான காண்டோர் கழுகின் பெயரையே திட்டத்துக்கு வைத்தார்கள்.

காகிதத்தில் பார்த்தால் இது சாதாரண பிராந்தியப் பாதுகாப்பு ஒத்துழைப்புதான். தகவல் பரிமாற்றம், பொதுவான கோப்புகள், தனித் தகவல் தொடர்பு. ஆயுதக் குழுக்களை ஒடுக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். நடந்தது வேறு. சொந்த நாட்டில் உயிருக்குப் பயந்து பக்கத்து நாட்டுக்கு ஓடிய அரசியல்வாதி, தொழிற்சங்கத் தலைவர், மாணவர் எல்லோரும் அங்கேயே பிடிபட்டார்கள். பலர் இன்றுவரை திரும்பவில்லை.

போலீசுக்கு எல்லை இல்லை, ஆனால் நீதிமன்றத்துக்கு உண்டு! உருகுவேக்காரர் ஒருவர் அர்ஜென்டினாவில் காணாமல் போனால் அவருடைய தாய் எந்த நாட்டு நீதிபதியிடம் போய் முறையிடுவது? கேள்வி கேட்க வேண்டிய நாடாளுமன்றங்களோ கலைக்கப்பட்டிருந்தன, அல்லது ஆட்சியாளர்களின் கைப்பாவையாக இருந்தன. கழுகின் நிழல் அமெரிக்கா வரை நீண்டது. 1976 செப்டம்பர் 21 அன்று சிலியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஒர்லாண்டோ லெட்டலியர் வாஷிங்டனில் கார் குண்டுக்குப் பலியானார்.

இதற்கெல்லாம் சாட்சி கிடைத்தது ஒரு பள்ளி ஆசிரியரால். பராகுவேயைச் சேர்ந்த மார்ட்டின் அல்மாடா கல்வி குறித்து எழுதிய முனைவர் ஆய்வேட்டுக்காக 1974ல் கைதானார். சித்திரவதையில் அவர் அலறியதைத் தொலைபேசி வழியாக மனைவியைக் கேட்கவைத்தார்கள் என்று பின்னாளில் அவர் சொன்னார். அந்த மனைவி சில நாட்களிலேயே மாரடைப்பால் இறந்துபோனார்.

சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னர் 1989ல் வீழ்ந்தார். 1992ல் வந்த புதிய அரசியல் சட்டம், தன்னைப் பற்றி அரசு வைத்திருக்கும் பதிவைப் பார்க்கும் உரிமையைக் குடிமகனுக்குக் கொடுத்தது. அல்மாடா கேட்டதும் அதைத்தான்: தன்னுடைய போலீஸ் கோப்பு. 1992 டிசம்பர் 22 அன்று அவரும் நீதிபதி ஹோசே அகுஸ்டின் ஃபெர்னாண்டஸும் தலைநகர் அசுன்சியோனை ஒட்டிய லம்பாரே காவல் நிலையத்துக்குள் போனார்கள். ஒரு கோப்பைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தவை லட்சக்கணக்கான பக்கங்கள்! கைதிகளின் பட்டியல், புகைப்படங்கள், நாடு விட்டு நாடு கைமாறிய ஆட்களின் விவரம், சாண்டியாகோ கூட்டத்துக்கு வந்த அழைப்பு வரை. போலீசார் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்.

தீர்ப்புகள் மெல்லத்தான் வந்தன. 2016ல் புவெனஸ் அயர்ஸ் நீதிமன்றம் அர்ஜென்டினாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரெய்னால்டோ பிக்னோனுக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. உருகுவேயின் முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவரும் அதே வழக்கில் தண்டனை பெற்றார். கடைசியில் நீதிமன்றமும் எல்லை தாண்டிவிட்டது, 40 ஆண்டுகள் கழித்து! 2019ல் ரோம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 24 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் அங்கே வரவே இல்லை.

கொன்ட்ரேராஸ் 2015ல் தண்டனைக் கைதியாக இறந்தார். ஸ்ட்ரோஸ்னரோ 2006ல், அடைக்கலம் புகுந்த பிரேசிலில், எந்த நீதிமன்றக் கூண்டிலும் ஏறாமலே இறந்துபோனார்.