பெருஞ்செதில் குழிவிரியன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் நச்சுப்பாம்பு. பழனி மலை, ஆனைமலை ஆகியவற்றின் சோலைக்காடுகளிலும், காப்பி, ஏலத் தோட்டங்களிலும் காணப்படுகிறது. வன அதிகாரி பெடோம் 1862-இல் இதை முதலில் விவரித்தார்.

பச்சை உடலும், தலையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பெரிய செதில்களும் அடையாளங்கள். பற்றும் வாலால் கிளைகளில் தங்கும். இரவில் தவளை, பல்லி, எலி, சிறு பறவைகளைப் பிடிக்கும். கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையிலுள்ள குழி இரையின் உடல்வெப்பத்தை உணரும். குட்டி ஈனும்.

கடித்தால் வலியும் வீக்கமும் ஏற்படும். இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சுக்கானது. குழிவிரியன் கடிக்கென்று தயாரிக்கப்பட்டதல்ல.