கார்போக அரிசியும் வெயிலும்: வெண்புள்ளி சிகிச்சையின் கதை

இந்த எபிசோட் எங்க ஊர் பாப்பிரெட்டிப்பட்டியில, ஒரு வீட்டு வாசல்ல தொடங்குது.

நான் ஸ்கூல் படிக்கும்போது அத்தை கையில வெள்ளைத் திட்டு வந்துச்சு. நாட்டு மருந்துக் கடையில கார்போக அரிசி வாங்கி, அரைச்சுப் பூசிக்கிட்டு உச்சி வெயில்ல உட்கார்ந்தாங்க. ரெண்டு நாள்ல கை முழுக்கக் கொப்புளம். "வெயில்ல காட்டினாத்தான் நிறம் வரும்னு சொன்னாங்கடா"ன்னு அழுதாங்க. ரொம்ப நாள் நான் அதை மூடநம்பிக்கைன்னுதான் நினைச்சேன். இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போதான் புரிஞ்சுது: அத்தைக்குச் சொன்னது பாதி சரி.

வெள்ளைத் திட்டுக்கான மூலிகைகள் அதர்வ வேதத்திலேயே வருது. எகிப்துல வேற ஒரு செடியோட விதையைச் சாப்பிட்டுட்டு வெயில்ல நிற்கச் சொன்னதை 13-ஆம் நூற்றாண்டு மருத்துவர் இப்னு அல்-பைத்தார் எழுதி வெச்சிருக்கார். ரெண்டு நாடு, ரெண்டு செடி, வழி ஒண்ணுதான்: விதையும் வெயிலும்.

காரணம் 20-ஆம் நூற்றாண்டுலதான் தெரிஞ்சுது. 1933-ல ஜோயிஸும் அவரோட சக ஆய்வாளர்களும் கார்போக அரிசியிலிருந்து சொராலென் என்ற வேதிப்பொருளைப் பிரிச்செடுத்தாங்க. 1940-களில் கெய்ரோவில் எல் மோஃப்தி, எகிப்திய விதையிலிருந்து எடுத்த அதே குடும்பத்து மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சொராலென் தோலைப் புற ஊதா ஏ கதிருக்குக் கூச வைக்கும். அளவோட இருந்தா நிறம் திரும்பலாம். கூடினா தோல் வெந்துடும். அத்தை கையில நடந்தது ரெண்டாவது. விதையில மருந்து எவ்வளவு, வெயில்ல கதிர் எவ்வளவு, யாருக்குமே தெரியாது. ஒரு இன்ஜினியரா சொல்றேன்: அளக்க வழியில்லாத ரெண்டு இன்புட்டை வெச்சு அவுட்புட்டைக் கணிக்க முடியாது.

1970-களில் வெயிலுக்குப் பதிலா விளக்கு வந்துச்சு. சொராலென் மருந்து, அளந்த கதிர். இதுக்குப் பேர் 'பூவா' சிகிச்சை. ஆனா குமட்டல், கண் பாதுகாப்பு, நீண்ட காலத்துல தோல் புற்றுநோய் அபாயம்னு சிக்கல்கள் இருந்துச்சு. 1997-ல நெதர்லாந்தின் வெஸ்டர்ஹாஃப் குழு, மருந்தே இல்லாம 311 நானோமீட்டர் பக்கத்துக் குறுகிய புற ஊதா பி கதிர் மட்டும் போதும்னு காட்டுச்சு. இன்னைக்குப் பரவலான திட்டுகளுக்கு அதிகம் பயன்படுறது அதுதான். வாரம் ரெண்டு மூணு முறை, பல மாசம் பொறுமை வேணும். முகத்துல நல்லா பலன் தரும். விரல் நுனியில குறைவு. பரவாம நின்னுபோன திட்டுக்குத் தோல் ஒட்டு, நிறமிச் செல் மாற்று இருக்கு. 2022-ல அமெரிக்கா ருக்ஸோலிடினிப் என்ற களிம்புக்கும் அனுமதி கொடுத்துச்சு.

சரி, அத்தை ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல? ஊர்ல அதுக்கு வெச்சிருந்த பேர் 'வெண்குஷ்டம்'. தோல் டாக்டரைப் பார்க்கப் போனது தெரிஞ்சா மகள் கல்யாணம் நின்னுடும்னு பயம். உண்மையில இது குஷ்டமே இல்ல. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. அந்தத் திட்டுல உணர்ச்சி குறையும். வெண்புள்ளியில நம்ம எதிர்ப்புச் சக்தியே நிறமிச் செல்களை அழிக்குது. உணர்ச்சி அப்படியே இருக்கும், யாருக்கும் ஒட்டாது. அதனாலதான் 'வெண்புள்ளி'ன்னு சொல்லுங்கன்னு தமிழ்நாட்டுல பாதிக்கப்பட்டவங்களே இயக்கமா கேட்டாங்க.

கேட்கிறவங்க வீட்டுல யாருக்காவது திட்டு இருந்தா, விதையை அரைச்சு வெயில்ல உட்கார வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சேலமோ, தோல் நோய்ப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. புதுசா வந்த திட்டுக்குச் சிகிச்சை சீக்கிரம் ஆரம்பிச்சா பலன் அதிகம். எங்க அத்தை போனப்போ ஏழு வருஷம் தாண்டியிருந்துச்சு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.