காப்புக் கட்டிய நாடு: நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மலேசியத் தமிழர் வாழ்வும் மனப்போக்கும்

மலேசியத் திருக்கோயில்களின் வரலாற்றில் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் தனியாகக் குறிக்கத்தக்க நாளாகும். கோவிட்-19 பெருந்தொற்றைத் தடுக்கும் பொருட்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அன்று நாடெங்கும் நடப்புக்கு வந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்துவாரா என்னும் வேறுபாடின்றி வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டன. அதற்கு ஏறத்தாழ நாற்பது நாள்களுக்கு முன்புதான், பிப்ரவரி 8ஆம் நாள், பத்துமலைத் திருத்தலத்தில் தைப்பூசம் இலட்சக்கணக்கான பக்தர்கள் திரள நடந்தேறியிருந்தது. தோளோடு தோள் உரசி 272 படிகளையும் ஏறி இறங்கிய அக்கூட்டத்தில் எவரும், அடுத்த தைப்பூசத்தில் அப்படிகள் வெறுமையாகக் கிடக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

நோய்க்கு அஞ்சி ஊரை அடைப்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவதும், அவ்வீட்டிற்கு அயலார் செல்லாதிருப்பதும், தாளிப்பு முதலியவற்றைத் தவிர்ப்பதும், தலைக்கு நீர் ஊற்றும் நாள்வரை நோயாளியைத் தனித்து வைப்பதும் தோட்டப்புற லயன் வீடுகளில் வாழ்ந்த முதியோர் நன்கு அறிந்த வழக்கங்களே. இவற்றினும் பொருத்தமான ஒப்புமை மாரியம்மன் திருவிழாவில் உண்டு. கொடியேற்றிக் காப்புக் கட்டிய பின்னர், விழா நிறைவுறும்வரை ஊர் எல்லையைத் தாண்டி வெளியூரில் இரவு தங்குதல் ஆகாது என்பது பல ஊர்களில் நிலவிய மரபாகும். அது அரசாணையன்று, அபராதமும் அதற்கு இல்லை. ஊரார் தாமே தமக்கு இட்டுக்கொண்ட நடமாட்டக் கட்டுப்பாடு அது.

மலாயாவுக்குக் கப்பலேறி வந்த தமிழர், கரை இறங்கும்போதே தனிமைப்படுத்தலைக் கண்டவர்கள். பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான் தீவிலும் நோய்த்தடுப்பு முகாம்களில் நாள்கள் பலவற்றைக் கழித்த பின்னரே பலர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1918ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல் தோட்டத் தொழிலாளரிடையே பெருஞ்சாவை விளைவித்தது. எனினும் அக்காலத்தில் மாண்டோர் யாவர், கோயில்களில் விழா நடந்ததா நின்றதா, எஞ்சியோர் எங்ஙனம் உண்டு உயிர் வாழ்ந்தனர் என்பன போன்ற செய்திகள் குடும்பக் கதைகளில்கூட அரிதாகவே காணக் கிடைக்கின்றன. ஆதலின் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்து வைத்தல் வெறும் ஏட்டுப் பணி ஆகாது.

ஆணையைப் பிரதமர் முகிதீன் யாசின் மார்ச் 16ஆம் நாள் இரவு அறிவித்தார். மறுநாள் காணப்பட்ட காட்சிகளை அமைதியானவை எனக் கூறுவதற்கில்லை. பேரங்காடிகளில் அரிசியும் மாவும் முட்டையும் அடுக்குகளில் இல்லாது தீர்ந்தன. மாநிலம் கடந்து செல்வதற்கு அனுமதி பெறவேண்டும் என்னும் அறிவிப்பினால் காவல் நிலையங்களில் கூட்டம் நெருக்கியடித்தது. கூட்டத்தைத் தவிர்க்கப் பிறந்த ஆணையே கூட்டத்தைக் கூட்டிற்று! ஜொகூர் கடற்பாலத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் துணிமணிகளுடன் விரைந்தனர். இரண்டு வாரப் பிரிவு என்று எண்ணிக் கையசைத்துச் சென்ற தந்தையரும் தாயரும் உளர். அவர்களுட் பலர் ஈராண்டுக்கு அணித்தாக வீடு திரும்ப இயலாதிருந்தனர்.

முதல் சில வாரங்களில் மக்களிடையே நிலவிய மனப்போக்கு வியப்பிற்குரியது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள், உணவும் மருந்தும் வாங்கச் செல்லலாம் என்பது விதி. காவல் துறையினரும், மார்ச் 22ஆம் நாள் முதல் அவர்களுக்குத் துணையாக இராணுவத்தினரும் சாலைத் தடுப்புகளில் நின்றனர். பெரும்பாலோர் முணுமுணுப்பின்றிப் பணிந்தனர். அன்றாடம் மாலையில் சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியில் தோன்றி எண்ணிக்கையை அறிவிப்பது, வீடுகளில் மாலை விளக்கேற்றுவதுபோல் ஒரு வழக்கமாயிற்று. கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வேறுபாடு அறியாத ஆடவர், கையில் துண்டுச் சீட்டும் காதில் கைப்பேசியுமாகக் காய்கறிக் கடைகளில் நின்று மனைவியரிடம் விளக்கம் கேட்டமை அந்நாளில் சிரிப்பதற்குக் கிடைத்த சில காட்சிகளுள் ஒன்றாகும். முடிதிருத்தும் நிலையங்களைத் திறக்கலாம் என ஏப்ரல் 10ஆம் நாள் அறிவிப்பு வந்தபோது, பொதுமக்களே அது ஆபத்து என எதிர்த்தனர். சில நாள்களில் அவ்வனுமதி மீட்டுக்கொள்ளப்பட்டது. தளர்வு வேண்டாவென மக்களே அரசைத் தடுத்தது அரிய நிகழ்ச்சியன்றோ? முடிதிருத்தும் தொழிலை நம்பிய இந்தியக் குடும்பங்களுக்கோ, ஜூன் மாதம்வரை வருமானம் அறவே இல்லை. ஒருவர் பாதுகாப்புக்குப் பிறிதொருவர் கொடுக்கும் விலை அது என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

கோயில்களில் பெரும்பாலும் நித்திய பூசை நிற்கவில்லை. கதவை உட்புறம் தாழிட்டு அருச்சகர் தனியே அபிஷேகம் செய்தார். மணியோசை மட்டும் வெளியே கேட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த பங்குனி உத்திரம், மாரான் மரத்தாண்டவர் ஆலயம் போன்ற பெருந்தலங்களில் காவடிக் கூட்டமின்றிக் கழிந்தது. கட்டுப்பாட்டின் இரண்டாம் கட்டம் முடியவிருந்த ஏப்ரல் 14ஆம் நாள் தமிழ்ப் புத்தாண்டு. மறுநாளே மூன்றாம் கட்டம் தொடங்கிற்று. கோயிலுக்குச் செல்லாத புத்தாண்டு பலருக்கு வாழ்நாளில் அதுவே முதன்முறை. பூசைகள் முகநூல்வழி ஒளிபரப்பாயின. வீட்டில் உட்கார்ந்து கைப்பேசித் திரைக்கு முன்னால் கற்பூரம் காட்டுவது முறையா என்று சிலர் வினவினர். ஆயினும் முதியோர் பலருக்கு அத்திரையே கோயில் வாயிலாக அமைந்தது. பூசையறையில் பெற்றோருடன் அமர்ந்து தேவாரம் பாடப் பழகிய சிறுவர்களும் உண்டு. வீட்டு வழிபாடு வலுப்பெற்றது அக்காலத்தின் நற்பேறு எனலாம்.

காப்பு என்பதற்கு அவிழ்க்கும் நாள் ஒன்று உண்டு. அந்நாள் குறித்திருப்பதனாலேயே மக்கள் விரதத்தைத் தாங்குகின்றனர். அரசு கட்டிய காப்போ மார்ச் 31இல் அவிழும் எனப்பட்டு, ஏப்ரல் 14, ஏப்ரல் 28, மே 12 என நீண்டுகொண்டே சென்றது. மே 4இல் நிபந்தனையுடன் கூடிய கட்டுப்பாடு, ஜூன் 10இல் மீட்புநிலைக் கட்டுப்பாடு எனப் பெயர்கள் மாறின. ஜூன் முதல் கோயில்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. உடல் வெப்பம் அளந்து, பெயர் பதிந்து, முகக்கவரி அணிந்து, கூடல் இடைவெளிக் கோடுகளில் நின்று பக்தர்கள் தரிசித்தனர். நாள் நீள நீள, மக்கள் மனத்தில் பொறுமை குறைந்து, பழிசுமத்தும் போக்குத் தலைதூக்கிற்று.

நோய் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி விரைவிலேயே, யாரால் வந்தது என்னும் கேள்வியாகத் திரிந்தது. முதலில் வெளிநாட்டுப் பயணிகள், பின்னர் ஒரு சமயக் கூட்டத்தில் பங்கேற்றோர், அதன்பின் அந்நியத் தொழிலாளர் எனப் பழி இடம் மாறிச் சென்றது. பிறர்மீது பழி விழுந்தபோது அதனைப் புலனத்தில் பகிர்ந்தவர்களுள் தமிழரும் இருந்தனர். 2020 ஜூலை இறுதியில் கெடா மாநிலத்தில் தோன்றிய தொற்றுத் திரளுக்குச் ‘சிவகங்கை’ எனப் பெயரிடப்பட்டது. தமிழகத்திலிருந்து திரும்பி, வீட்டில் தனித்திருக்கும் விதியை மீறிய ஒருவர்வழி அது பரவிற்று. அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனை சட்டப்படி ஆனது. எனினும் முன்னோர் ஊரின் பெயர் நாள்தோறும் நோயின் பெயராக ஒலிக்கக் கேட்டபோதுதான், பெயர் சூட்டிப் பழிப்பதன் வலி பலருக்குப் புரிந்தது.

பிழைப்பின் நிலை வேறு. விழா இல்லையேல் நாதஸ்வரம் இல்லை. திருமணம் இல்லையேல் மணவறை அலங்காரமும் சமையற்காரரும் இல்லை. கோயில் திறவாவிடில் வாயிலில் மாலை தொடுப்பவருக்குச் சோறு இல்லை. எல்லைகள் அடைபட்டதனால் இந்தியாவிலிருந்து வரும் அருச்சகரும் இசைக்கலைஞரும் சிற்பிகளும் வர இயலவில்லை. குடமுழுக்குத் திருப்பணிகள் பல தேங்கின. மறுபுறம், கையுறைத் தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்கின. பாட்டன்மார் பால்வெட்டிய மண்ணிலிருந்து உலகின் இரப்பர் கையுறைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சென்றது. பிள்ளைகளின் கல்வி இயங்கலைக்கு மாறியபோது, கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எவ்விதக் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பின்னரே கிடைக்கும். இந்நிலை தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் புதியதன்று.

2021ஆம் ஆண்டு இன்னும் கடுமையாயிற்று. ஜனவரி 12இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் பல மாநிலங்களில் மீண்டும் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. ஜனவரி 28ஆம் நாள் தைப்பூசத்தன்று பத்துமலை அடைபட்டிருந்தது. வெள்ளி இரதம் வழிநெடுகத் தேங்காய் உடைப்பாரின்றி, பக்தர் கூட்டமின்றிப் பத்துமலை சென்றது. விரதமிருந்தோர் வீட்டுப் பூசையறையிலேயே பால் அபிஷேகம் செய்து நிறைவு கொண்டனர். மார்ச் மாதம் முதல் விதிமீறலுக்கான அபராதம் 10,000 ரிங்கிட் வரை உயர்ந்தது. எளியோர்க்கு ஒரு சட்டம், செல்வாக்குடையோர்க்கு வேறொரு சட்டமா என்னும் குரல் அனைத்து இனத்தாரிடையேயும் எழுந்தது. தொடக்கத்தில் மனமுவந்து பணிந்த மக்கள், இப்போது அஞ்சிப் பணிந்தனர். இரண்டும் ஒன்றல்ல.

ஜூன் 1ஆம் நாள் முழு முடக்கம் தொடங்கிற்று. அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில் 468 தற்கொலைகளைக் காவல் துறை பதிவு செய்திருந்தது. முந்திய ஆண்டு முழுவதற்குமான எண்ணிக்கை 631. அந்நிலையில்தான், ஜூன் மாத இறுதியில், உணவின்றித் தவிப்போர் வாயிலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள், அண்டையார் உதவுவர் என்னும் இயக்கம் எழுந்தது. அடுக்குமாடி வீடுகளின் கம்பித் தடுப்புகளில் பழைய துண்டும் தலையணை உறையும் கொடியாயின. முன்பு வேப்பிலைக் கொத்து, “உள்ளே வாராதீர்” என்று கூறிற்று. இக்கொடியோ, “உள்ளே பாருங்கள்” என்றது. பசியை அயலார் அறியக் காட்டுவது மானக்கேடு என்று வளர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு அத்துணியைக் கட்டுவது எளிதன்று. கட்டாமலே பட்டினி கிடந்தோரும் உண்டு. அவர்களைத் தேடிச் சென்றவர்கள் அக்கம்பக்கத்தாரும், ஆலயங்களின் தொண்டர்களுமே.

கோயில்களின் அன்னதானக் கூடங்கள் அந்நாளில் புதிய பணி ஏற்றன. பந்தி வைக்க இயலாதபோது உணவு பொட்டலமாயிற்று. அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், மாவு, சீனி அடங்கிய பைகள் இனம் சமயம் பாராது வழங்கப்பட்டன. பை வாங்குவோரை நிறுத்திப் படம்பிடித்து முகநூலில் இட்ட சில அமைப்புகளின் செயல் முகஞ்சுளிக்க வைத்தது; இரவில் வாயிலில் பையை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிச் சென்றோர் பெயர் எவருக்கும் தெரியாது. விழாவுக்கென ஒதுக்கிய பணத்தை அரிசிக்குச் செலவிடலாமா என்பது ஆகமம் பற்றிய வினாவன்று; அடுப்பு எரியாத வீடு பற்றிய வினாவே. அதற்குத் தயங்காது விடை கண்ட நிர்வாகங்கள் திருவிழா நடத்தவில்லை என்று கூறுவதற்கில்லை.

ஆகஸ்ட் 26ஆம் நாள் ஒரே நாளில் 24,599 பேருக்கு நோய் கண்டது. ஆண்டு முடிவதற்குள் நாட்டில் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். நோயால் இறந்தோரின் உடல் மருத்துவமனையிலேயே மூடி முத்திரையிடப்பட்டது. நீராட்டுதல் இல்லை, கோடித் துணி போர்த்துதல் இல்லை, வாய்க்கரிசி இல்லை, தேவாரம் ஓத வீட்டில் கூடுவாரும் இல்லை. மூத்த மகன் தானும் நோயுற்றுத் தனிமைப்படுத்தப்பட்டிருக்க, தந்தையின் தகனம் முழுவுடல் காப்பாடை அணிந்த பணியாளர் கையால் நடந்த குடும்பங்கள் பல. கைப்பேசிக் காணொளியில் அதனைக் கண்டு, வீட்டில் தலைமுழுகியோர் உண்டு. கோயிலுக்குச் செல்லாத துயரத்தைக் காலம் ஆற்றிற்று. கொள்ளி வைக்கும் கடமை தவறிய துயரம் அத்தகையதன்று. அஸ்தியைப் பெற்று, கடலில் கரைக்க அனுமதி கிடைக்கும் நாள்வரை காத்திருந்து, கருமக் கிரியைகளைப் பின்னர் செய்து முடித்தனர்.

தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24இல் தொடங்கியிருந்தது. கபசுரக் குடிநீரும் மஞ்சளும் வேம்புமே போதும் என்னும் செய்திகள் புலனத்தில் உலவினும், பெரும்பாலோர் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டனர். பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற நிலையில், அக்டோபர் 11ஆம் நாள் மாநிலம் கடந்து செல்லும் தடை நீங்கியது. 2022 ஜனவரி 18ஆம் நாள் தைப்பூசத்தில் பால்குடம் மட்டுமே அனுமதிக்கப்பட்டது, காவடிக்கு இடமில்லை. ஏப்ரல் 1இல் நாட்டின் எல்லைகள் திறந்தன.

2023 பிப்ரவரி 5ஆம் நாள் பத்துமலையில் காவடிகள் மீண்டும் படியேறின. மூன்றாண்டு நிலுவையில் நின்ற நேர்த்திக்கடனைப் பலர் அன்று செலுத்தினர். வேண்டிக்கொண்டவர் இல்லாத வீடுகளில், அவர்தம் பிள்ளைகள் செலுத்தினர்.